புகைபோக்கியை எண்ணிப் பாருங்கள்!

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று பெரியவர்கள் சொன்னது அந்தக் காலம். இப்போது வீடு கட்டிப் பார்க்கச் செங்கல்லும் வேண்டாம், சித்தாளும் வேண்டாம். மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும். வீடு என்ன, ஊரையே கட்டிவிடலாம்! ரோடு போட்டு, தண்ணீர்க் குழாய் இழுத்து, கரண்ட் கொடுத்து, பஸ் விட்டு, வரி வசூலித்து ஒரு நகரத்தையே நிர்வாகம் பண்ணும் விளையாட்டுகள் வந்துவிட்டன. 1989-ல் வில் ரைட் என்ற அமெரிக்கர் ‘சிம்சிட்டி’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். 2015-ல் பின்லாந்து நாட்டு ‘கொலாசல் ஆர்டர்’ கம்பெனி ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ என்று இன்னொன்றைச் செய்தது.

இந்த இரண்டாவது விளையாட்டில் ஒரு விசேஷம். அவர்கள் கொடுத்த வீடுகளை மட்டும்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. நாமே ஒரு வீட்டை வடிவமைத்து உள்ளே சேர்க்கலாம். மற்ற ஆட்டக்காரர்களும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்கலாம். அப்படிப் பழங்கால வீடுகளை அச்சு அசலாகச் செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் பெரியவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆறு மாசமாக அவன் செய்துகொண்டிருப்பது லண்டன் நகரத்துப் பழைய வரிசை வீடுகள். என் நாத்தனார் அங்கே அந்த மாதிரி ஒரு வீட்டில் குடியிருப்பதால் வந்த ஆசை.

நான் பத்தாவது வரை படித்தவள். கம்ப்யூட்டரில் கோடு இழுக்க எனக்குத் தெரியாது. ஆனால் வீடு என்றால் என்ன என்று தெரியும். அந்த தைரியத்தில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையும், நாத்தனாரைக் கேட்டதையும், நூலகத்தில் படித்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். பிள்ளை கம்ப்யூட்டரே கதி என்று கிடக்கிறானே என்று அலுத்துக்கொள்ளும் சகோதரிகள் அவசியம் படியுங்கள். அவன் செய்கிற வேலையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகான வீடு வேறு, நம்பும்படியான வீடு வேறு. தூண், வளைவு, பூவேலை என்று அள்ளித் தெளித்தால் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் சினிமா செட் மாதிரிதான் இருக்கும். பழைய வீட்டில் ஒவ்வொரு அங்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. நெருப்பு, வரி, புகை, வேலை செய்த பெண்களின் கை கால்! அந்தக் காரணம் தெரிந்து வைத்தால், சாதாரண வீடும் நிஜ வீடாகிவிடும்.

முதலில் அளவு

இந்த விளையாட்டில் நிலம் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டிருக்கும். ஒரு கட்டம் 8 மீட்டருக்கு 8 மீட்டர். தானாக முளைக்கும் வீடுகளுக்கு அதிகபட்சம் நாலு கட்டம் அகலம், நாலு கட்டம் ஆழம்தான். லண்டன் வரிசை வீட்டின் முகப்போ பெரும்பாலும் 15 அடியிலிருந்து 24 அடிக்குள். ஒரு 20 அடி வீட்டை ஒரு கட்டத்தில் வைத்தால், பக்கத்தில் ஆறடி இடைவெளி விழுந்துவிடும். ஒட்டி ஒட்டி நிற்கிற வீட்டுக்கு அது பல் போன மாதிரி.

இதற்கு வழி, நம் பெண்கள் துணி வெட்டுகிற வழிதான். தனித்தனியாக வெட்டாமல் சேர்த்து வெட்ட வேண்டும். நாலு வீடு சேர்ந்தால் 80 அடி, அதாவது 24 மீட்டரும் சொச்சமும். மூன்று கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். மிச்சமிருக்கும் அந்தச் சொச்சத்தை வீட்டுக்கு வீடு நாலு அங்குலம் பிடித்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆழத்தில் நாலு கட்டம் எடுத்துக்கொண்டால், முன்னறை பின்னறை என்று இரண்டு அறைகளும், பின்னால் தோட்டமும் வந்துவிடும்.

உயரத்துக்கு வாசல் கதவுதான் அளவுகோல். பக்கத்தில் ஒரு ஆள் உருவத்தை நிறுத்திப் பார்த்தாலே கதவு பெரிசா சிறிசா என்று தெரிந்துவிடும்.

நெருப்பு கொடுத்த உருவம்

1666-ம் வருஷம் செப்டம்பர் மாசம் லண்டனில் ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ, 13,000-க்கும் அதிகமான வீடுகளைச் சாம்பலாக்கியது. பெரும்பாலும் மர வீடுகள். மறு வருஷமே, 1667-ல், சட்டம் வந்தது. இனிமேல் செங்கல் அல்லது கல்லால்தான் சுவர். சந்து பொந்துகளில் இரண்டு தளம், கொஞ்சம் பெரிய தெருக்களில் மூன்று, ராஜபாட்டைகளில் நாலு.

இதைப் படித்ததும் என் மகன் துள்ளிக் குதித்தான். “அம்மா, இது கேமுக்குன்னே எழுதின ரூல் மாதிரி இருக்கும்மா!” என்றான். வாஸ்தவம்தானே? ரோட்டு அகலத்தைப் பார்த்து வீட்டு உயரத்தைத் தீர்மானித்தால் போதும், ஊருக்கே ஒரு ஒழுங்கு வந்துவிடும்.

1707-ல் இன்னொரு சட்டம். கூரை விளிம்பில் மரவேலை கூடாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள பொதுச்சுவர் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தீ ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவாமலிருக்க இந்த ஏற்பாடு. 1709-ல் மூன்றாவது சட்டம்: ஜன்னல் சட்டம் சுவரோடு சுவராக இருக்கக்கூடாது, நாலு அங்குலம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும்.

நாலு அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். அந்த நாலு அங்குலத்தில்தான் நிழல் விழுகிறது. அதை விட்டுவிட்டால் ஜன்னல், சுவரில் ஒட்டிய காலண்டர் மாதிரி தட்டையாகத் தெரியும். உள்ளே தள்ளிப் பாருங்கள், வீட்டுக்கு உயிர் வந்துவிடும்.

ஜன்னலைப் பார்த்து வயசு சொல்லலாம்

லண்டன் ஜன்னல் நம் ஜன்னல் போலக் கதவு திறப்பதல்ல. மேலும் கீழும் தள்ளித் திறப்பது. பழைய முறையில் பெரிய கண்ணாடி செய்ய முடியாததால், சின்னச் சின்னச் சில்லுகளை மரச்சட்டத்தில் கோத்தார்கள். மேலே ஆறு, கீழே ஆறு என்றால் பெரும்பாலும் 1840-க்கு முற்பட்ட பாணி. அதற்கப்புறம் பெரிய கண்ணாடி மலிவானது. கண்ணாடிக்கு இருந்த வரியும் 1845-ல் போனது. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று சில்லுகள் குறைந்துவிட்டன. 1780-ம் வருஷத்து வீடு என்று சொல்லிவிட்டு முழுக்கண்ணாடி வைத்தால், பாட்டி கையில் மொபைல் போன் கொடுத்த மாதிரிதான்!

எல்லா மாடியிலும் ஒரே உயரத்துக்கு ஜன்னல் வைப்பதும் கூடாது. விருந்தினரை உட்கார வைக்கும் கூடம் முதல் மாடியில் இருந்தது. அங்கே ஜன்னல் மிக உயரம். அதற்கு மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே வரும். பிள்ளைகளும் வேலைக்காரர்களும் படுக்கிற உச்சியில் சின்னஞ்சிறு ஜன்னல். யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதை அந்த வீடு முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

ஜன்னலுக்கே வரி போட்ட கூத்தும் நடந்தது. 1696-ல் ஆரம்பித்த அந்த வரி 1851 வரை இருந்தது. ஜன்னல் எண்ணிக்கை ஏற ஏற வரியும் ஏறும். அதனால் பலர் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வெளிச்சமும் காற்றும் இல்லாமல் உள்ளே இருந்தவர்கள் நோயில் விழுந்தார்கள். டாக்டர்களே அந்த வரியை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஆகவே நாலு வீட்டில் ஒன்றிரண்டு ஜன்னலை அடைத்துக் காட்டலாம். ஆனால் அடைத்த ஜன்னல் எல்லாமே வரிக்குப் பயந்ததல்ல. இரண்டு பக்கமும் சமமாகத் தெரியட்டும் என்று கட்டும்போதே பொய் ஜன்னல் வைத்ததும் உண்டு.

மேலேயிருந்து பார்ப்பவர்களுக்கு

தெருவில் நிற்பவர்களுக்கு இந்த வீட்டின் கூரை தெரியாது. முன்னால் கைப்பிடிச்சுவர் எழும்பி மறைத்துவிடும். ஆனால் விளையாட்டில் நாம் காக்கை மாதிரி மேலேயிருந்து பார்க்கிறோம். முதலில் கண்ணில் படுவதே கூரைதான்! முகப்பை இழைத்து இழைத்துச் செய்துவிட்டு, கூரையை ஒரு சாம்பல் நிறப் பலகையாக விட்டவர்கள் நிறையப் பேர்.

சாதாரண லண்டன் வீட்டுக் கூரை பட்டாம்பூச்சி இறக்கையை விரித்த மாதிரி இருக்கும். இரண்டு பொதுச்சுவர்களிலிருந்தும் நடுவை நோக்கிச் சரிந்து, நடுவில் ஒரு வாய்க்கால். மழைத் தண்ணீர் அதில் ஓடிப் பின்பக்கம் இறங்கும். உச்சியில் அறை உள்ள வீடு என்றால் இரண்டு மடிப்பாகச் சரிந்த கூரையும், அதிலிருந்து எட்டிப் பார்க்கும் சின்ன ஜன்னலும் வர வேண்டும். மேலே போடுவது கறுத்த பலகைக்கல். வேல்ஸ் மலைகளிலிருந்து வந்தது.

பிறகு புகைபோக்கி. ஒவ்வொரு அறையிலும் குளிர்காயக் கணப்பு உண்டு. ஒவ்வொரு கணப்புக்கும் தனிப் புகைவழி. ஒவ்வொரு வழிக்கும் உச்சியில் ஒரு மண் குழல். நாலு தளம், தளத்துக்கு இரண்டு அறை என்றால் எட்டுக் குழல் வேண்டும். அழகுக்கு இரண்டு வைத்தால், பாக்கி ஆறு அறையில் இருப்பவர்கள் குளிரில் விறைத்துப் போக வேண்டியதுதான்! குழல்கள் பொதுச்சுவரின் மேலேதான் வரிசையாக நிற்கும், கூரை நடுவில் அல்ல.

“எங்கேடா சமைப்பாங்க?”

முதல் வீட்டை முடித்ததும் என் மகன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். கதவு, ஜன்னல், கதவுக்கு மேல் விசிறி போன்ற அரைவட்டக் கண்ணாடி, எல்லாம் ஜம்மென்று இருந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: “எங்கேடா சமைப்பாங்க?”

அவன் முழித்தான். லண்டனுக்கு போன் போட்டோம். என் நாத்தனார் சிரித்தாள். “அண்ணி, சமையல் பண்ணின இடத்துலதான் இப்ப நான் குடியிருக்கேன். தரைக்குக் கீழே!” என்றாள். அவள் வாடகைக்கு இருப்பது அந்த மாதிரி ஒரு வீட்டின் அடித்தளம். ஜன்னலில் நின்றால் தெருவில் போகிறவர்களின் கால்தான் தெரியுமாம். சுவரில் ஓதம் ஏறி, மழைக்காலத்தில் துணி காய்வதே பெரும்பாடாம்.

அன்றைக்கு அடுக்களை அங்கேதான் இருந்தது. வீட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவில் பள்ளமாக ஒரு சின்ன முற்றம். சுற்றிலும் இரும்புக் கம்பிவேலி. வேலைக்காரர்கள் இறங்க ஒரு குறுகல் படி. எஜமானர்கள் மேல்படி ஏறிப் பெரிய கதவு வழியாகப் போவார்கள். நடைபாதைக்கு அடியில் நிலக்கரி அறை. நடைபாதையில் ஓரடி விட்டத்துக்கு ஒரு வட்ட இரும்பு மூடி இருக்கும். அதைத் திறந்து மூட்டை மூட்டையாகக் கரியைக் கொட்டுவார்கள். வீட்டுக்குள் அழுக்குக் கால் படாது.

அந்தக் கரியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறியது யார்? குளிக்க வெந்நீர், காலையில் சாம்பல், ராத்திரிப் பாத்திரம், எல்லாம் ஏறி இறங்கியது ஒரு பெண்ணின் கையில். 1891-ம் வருஷக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு வேலை பார்த்த பெண்கள் 13 லட்சத்துக்கும் மேல். ஹானா கல்விக் (1833–1909) என்ற வேலைக்காரப் பெண், தான் துடைத்த கணப்புகளையும், தேய்த்த படிகளையும், பாலிஷ் போட்ட பூட்ஸுகளையும் நாட்குறிப்பாகவே எழுதி வைத்திருக்கிறாள். பகலில் தரைக்குக் கீழே, ராத்திரியில் கூரைக்குக் கீழே. நடுவிலிருந்த நல்ல அறைகளெல்லாம் அவர்களுக்கு வேலை செய்யும் இடம் மட்டும்தான்.

புகைவழியைச் சுத்தம் செய்ய ஏறியதோ சின்னப் பிள்ளைகள். 1840-ல் சட்டம் போட்டுத் தடுத்தும் நிற்கவில்லை. 1875-ல் வந்த சட்டத்துக்கப்புறம்தான் அது ஒழிந்தது.

இதனால்தான் சொல்கிறேன்: அடித்தளமும் கரி மூடியும் புகைபோக்கியும் இல்லாத வீடு பாதி வீடு. அதில் எஜமானி இருக்கிறாள், வேலைக்காரி இல்லை.

விளையாட்டில் வீட்டின் முன்னால் தரையைக் குடைவது சுலபமில்லை. அதற்காக விட்டுவிட வேண்டாம். வாசலை நாலு படி உயர்த்தி, கம்பிவேலி போட்டு, வேலிக்கு உள்ளே இருட்டாக ஒரு பட்டையும், தரைமட்டத்தில் ஜன்னலின் மேல்பாதியும் காட்டினால் கண் மிச்சத்தைப் புரிந்துகொள்ளும். வாசற்படியை மட்டும் சுவரைவிட வெளுப்பாக விடுங்கள். தினமும் காலையில் அந்தப் படியைத் தேய்த்து வெள்ளைக் கல்லால் பூசுவது அங்கே வேலைக்காரப் பெண்ணின் கடமை. நாம் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற மாதிரி, படி வெளுத்திருந்தால்தான் வீட்டுக்கு மரியாதை.

அழுக்கும் வேண்டும்

லண்டன் செங்கல் சிவப்பல்ல, பெரும்பாலும் மஞ்சள். ஆனால் கரிப்புகை படிந்து படிந்து ஊரே கறுத்துவிட்டது. 1952 டிசம்பரில் மூடிய விஷப் பனியில் 4,000 பேர் செத்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அதன் பிறகு 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது; பிற்பாடு பல கட்டடங்களைக் கழுவிச் சுத்தம் செய்தார்கள். ஆகவே நாம் கட்டுவது 1890-ம் வருஷத்துத் தெருவா, இன்றைய தெருவா என்று முடிவு பண்ணிக்கொண்டு வண்ணம் தீட்ட வேண்டும். அந்தக் காலம் என்றால் கறுப்பு. இந்தக் காலம் என்றால் மஞ்சள்.

நாலு வீடும் ஒரே அச்சாக இருந்தால் சீட்டித் துணி மாதிரி கண்ணை உறுத்தும். கதவு நிறம், திரைச்சீலை, குழல் உயரம் மாறட்டும். 1940–41-ல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் பல வரிசைகளில் ஓட்டை விழுந்தது. பிறகு அங்கே சாதாரண முகப்போடு புது வீடு எழும்பியது. பத்து வரிசைக்கு ஒன்றில் அப்படி ஒரு ஒட்டுப் போட்டால் தெருவுக்குச் சரித்திரம் வந்துவிடும்.

எந்த வீட்டை எங்கே வைப்பது என்பதற்கும் வழி இருக்கிறது. சார்லஸ் பூத் என்பவர் 1889-லிருந்து லண்டன் தெருக்களை வருமானத்துக்குத் தக்கபடி வண்ணமடித்து வரைபடம் வெளியிட்டார். பணக்காரத் தெருவுக்கு மஞ்சள், பரம ஏழைத் தெருவுக்குக் கறுப்பு. மஞ்சள் தெருவுக்குப் பின்னாலேயே கறுப்புச் சந்தும் இருப்பதை அதில் பார்க்கலாம்.

கைக்கும் கண்ணுக்கும்

‘பிளெண்டர்’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில்தான் என் மகன் வடிவம் செய்கிறான். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சின்னச் சின்ன முக்கோணமாகத்தான் பார்க்கிறதாம். முக்கோணம் கூடக் கூட விளையாட்டு தடுமாறும். அதனால் நிழல் விழும் இடத்தை மட்டும் உருவமாகச் செய்து, செங்கல் வரிசையைப் படமாக ஒட்டிவிட வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கென்று எளிய உருவம் ஒன்றும் கூடவே வைக்க வேண்டும். அதிலும் புகைபோக்கியை விடாதீர்கள். ராத்திரி எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிய வேண்டாம். ஆட்டத்தில் வீடுகள் வசதி கூடக் கூடத் தானே உருவம் மாறும். பழைய வீடு மாறாமலிருக்க, அதைச் சரித்திரச் சின்னமாகக் குறித்து வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணைத் திரையிலிருந்து எடுத்து, இருபதடி தூரத்தில் எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். எழுந்து தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

1893-ல் லண்டனில் ஒரு பழைய மாளிகையை இடித்தார்கள். மனசு பொறுக்காமல் ஆஷ்பீ என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, 1894-ல் பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் வேலையை ஆரம்பித்தார். ‘சர்வே ஆப் லண்டன்’ என்ற அந்தப் புத்தக வரிசையில் பல பாகங்களை இன்று இன்டர்நெட்டில் இலவசமாகவே படிக்கலாம். வீட்டின் வரைபடம், அறை அளவு எல்லாம் இருக்கிறது. அளவு தேடும் பிள்ளைகளுக்கு அது பொக்கிஷம்.

நம் பங்கு என்ன என்கிறீர்களா? பிள்ளை ஒரு வீட்டை முடித்துக் காட்டும்போது, ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். தண்ணீர் எங்கேயிருந்து வரும், கரி எங்கே இருக்கும், சாம்பலை யார் கொட்டுவார்கள், வேலைக்காரப் பெண் எங்கே படுப்பாள் என்று கேளுங்கள். நான் கேட்ட மறு வாரமே என் மகன் நாலு வீட்டுக்கும் கம்பிவேலி போட்டு, நடைபாதையில் நாலு கரி மூடி வைத்தான். மேலேயிருந்து பார்த்தால் அவை புள்ளி அளவுதான். இருந்தாலும் இருக்கின்றன.